ராத்திரி நாலு தடவை எழ வேண்டியிருக்கிறதே!
ஆண்களின் சிறுநீர்ச் சிக்கல்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எனக்கு 62 வயது. ராத்திரி நாலு தடவையாவது எழுந்து போகிறேன். ஸ்கேனில் புராஸ்டேட் 42 கிராம் என்று வந்தது. டாம்சுலோசின் மாத்திரை ஒரு மாதமாகச் சாப்பிட்டும் ராத்திரித் தொல்லை குறையவில்லை. என் நண்பருக்கு 60 கிராம். அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்கு ஆபரேஷன்தான் வழியா?

கிராம் கணக்கை வைத்து யாருக்கும் ஆபரேஷன் முடிவு செய்வதில்லை. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் பாதையைச் சுற்றி ஒரு மோதிரம்போல இருப்பது புராஸ்டேட். அது வெளிப்பக்கமாக வீங்கினால் 80 கிராம் ஆனாலும் தொந்தரவு தெரியாது. உள்பக்கமாக வீங்கிப் பாதையை நெருக்கினால் 30 கிராமே போதும், ஆளைப் படுத்திவிடும். உங்கள் நண்பரையும் உங்களையும் ஒப்பிட்டுப் பயனில்லை.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ராத்திரி எழுந்து போகும்போது ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது? இதைப் பெரும்பாலோர் சொல்வதில்லை. டாக்டர்களும் எல்லா நேரமும் கேட்பதில்லை. ஒரு அளவுக் குவளை வாங்குங்கள். மூன்று நாள், 24 மணி நேரமும், எத்தனை மணிக்கு எத்தனை மில்லி போனது, எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று நாளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, வீட்டில் இருக்கும் நாள்களாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்குப் போடும்போது ஒரு இடத்தில் தவறு வரும். படுக்கப் போகும் முன் கடைசியாகப் போனது பகல் கணக்கு. காலையில் எழுந்ததும் முதலில் போவது ராத்திரிக் கணக்கு, ஏனென்றால் அது ராத்திரி ஊறியது. இப்படிச் சேர்த்த ராத்திரி அளவு, ஒரு நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ராத்திரியில் சிறுநீரே அதிகமாக ஊறுகிறது என்று பொருள். அதற்குப் புராஸ்டேட் மாத்திரை என்ன செய்யும்? காலில் நீர் கோத்திருந்து படுத்ததும் அது ரத்தத்தில் ஏறுவது, குறட்டையோடு மூச்சுத் திணறும் தூக்கம், இதய பலவீனம், சாயங்காலம் சாப்பிடும் நீர் பிரிக்கும் மாத்திரை ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். பி.பி.க்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கால் வீங்குகிறவர்கள் சாயங்காலம் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால், அந்த நீர் தூங்கும் முன்பே வெளியேறிவிடும். ஒரு நாள் மொத்தமே மூன்று லிட்டருக்கு மேல் போகிறதென்றால் முதலில் சுகர் பாருங்கள்.

மாறாக, ஒவ்வொரு தடவையும் 80, 100 மில்லிதான் போகிறது, பகலிலும் அப்படியே, தாரை மெல்லியதாக இருக்கிறது, தொடங்கவே நேரம் எடுக்கிறது என்றால் அடைப்பு அல்லது அவசரப்படும் சிறுநீர்ப்பை. இப்போதுதான் யூரோஃப்ளோ பரிசோதனைக்கு அர்த்தம் வருகிறது. இயந்திரம் இணைத்த புனலில் நீங்கள் சிறுநீர் கழிக்க, அது விநாடிக்கு எத்தனை மில்லி என்று வரைகிறது. உச்ச வேகம் 15க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது, 10க்குக் கீழே என்றால் அடைப்போ பலவீனமான சிறுநீர்ப்பையோ இருக்கலாம். 150 மில்லிக்குக் குறைவாகப் போனால் அந்த வரைபடத்தை நம்ப முடியாது. காத்திருந்து சலித்து, பாதி நிறைந்த சிறுநீர்ப்பையோடு போய்க் கழித்துவிட்டு வந்த ரிப்போர்ட்டுகள் ஏராளம். நன்றாக முட்டும்போது போங்கள். வெடிக்கிற மாதிரி அடக்கியும் போகாதீர்கள், அதுவும் வேகத்தைக் குறைக்கும். போய் முடித்தவுடன் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும்.

மாத்திரை விஷயம். டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சைலோடோசின் எல்லாம் பாதையின் தசையைத் தளர்த்துபவை. சில நாள்களிலேயே பலன் தெரியத் தொடங்கும். ஒரு மாதத்தில் எதுவும் தெரியவில்லை என்றால் காரணத்தை மறுபடி தேட வேண்டும். டாம்சுலோசினைத் தினமும் ஒரே வேளை உணவுக்குப் பிறகு சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் தலைசுற்றல் கூடும். கண்புரை ஆபரேஷன் செய்யப்போகிறவர்கள், இந்த மாத்திரையை எப்போதோ நிறுத்தியிருந்தாலும், கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கருவிழித்திரை தளர்ந்து ஆபரேஷனைச் சிக்கலாக்கும். முன்பே தெரிந்தால் அவர் தயாராக இருப்பார்.

ஃபினாஸ்டெரைடும் டூட்டாஸ்டெரைடும் வேறு வகை. புராஸ்டேட் சுரப்பியையே சுருக்குபவை. ஆறு மாதம் பொறுக்க வேண்டும், சுரப்பி பெரிதாக இருப்பவர்களுக்குத்தான் பலன். இரண்டாம் மாதம் ‘வேலை செய்யவில்லை’ என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சிலருக்குப் பாலுணர்வு குறையும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் கையால் தொடக்கூடாது.

அப்பாவுக்கு 75 வயது. ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சுத்தமாக நின்றுவிட்டது. டியூப் போட்டதும் 800 மில்லி வந்தது. டியூபோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை நாள் வைத்திருப்பது, எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஜலதோஷ மருந்துதான் கடைசித் தள்ளு. மூக்கடைப்பைக் குறைக்கும் சூடோஎஃபெட்ரின் சிறுநீர்ப் பாதையின் கழுத்தை இறுக்கும். குளோர்ஃபெனிரமின் போன்றவை சிறுநீர்ப்பை சுருங்கும் பலத்தைக் குறைக்கும். ஏற்கெனவே புராஸ்டேட் நெருக்கிக்கொண்டிருப்பவருக்கு இரண்டும் சேர்ந்தால் அடைத்துவிடும். மலச்சிக்கலும் இதே வேலையைச் செய்யும். இனி எந்தக் கடையில் மருந்து வாங்கினாலும் ‘புராஸ்டேட் இருக்கிறது’ என்று சொல்லி வாங்குங்கள்.

சாதாரணமாக, தசை தளர்த்தும் மாத்திரையைத் தொடங்கி இரண்டு மூன்று நாள் கழித்து டியூபை எடுத்துப் பார்ப்பார்கள். இதைக் காலையில் செய்வது நல்லது. தானாகப் போகிறாரா, எவ்வளவு போகிறது, எவ்வளவு மிச்சம் என்று பகலிலேயே பார்த்துவிடலாம்; சாயங்காலம் எடுத்துவிட்டு நள்ளிரவில் மறுபடி அடைத்துக்கொண்டு ஓடவேண்டியிராது. முதல் தடவை தோற்றால் ஓரிரு வாரம் கழித்து இன்னொரு முயற்சி செய்யலாம். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) கூடியிருந்தாலோ, ஒரு லிட்டருக்கு மேல் வந்திருந்தாலோ கதை வேறு. சிறுநீரகம் சீராகும்வரை அவசரப்பட்டு எடுக்கக்கூடாது. டியூப் போட்ட முதல் நாளில் மணிக்கு 200 மில்லிக்கு மேல் தொடர்ந்து கொட்டினால் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கண்காணிக்க வேண்டும்.

இனி வீட்டு வேலை. டியூபோடு இணைத்த, சிறுநீர் சேரும் பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். ஆனால் தரையில் படக்கூடாது. வண்டியில் கூட்டிப்போகும்போது பையை மடியில் வைத்துவிடுகிறார்கள், அப்போது பழைய சிறுநீர் திரும்பி உள்ளே போகும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பையின் வாய் பாத்திரத்தைத் தொடக்கூடாது. டியூபைத் தொடையில் பிளாஸ்திரியால் ஒட்டி, கொஞ்சம் தளர்வு விட்டு வையுங்கள். இழுபடும் டியூப் உறுப்பின் நுனியை நாளடைவில் கிழித்துவிடும். தினமும் இரண்டு வேளை சோப்பும் தண்ணீரும் போதும். டெட்டாலோ ஆயின்மென்ட்டோ வேண்டாம்.

கழுவும்போது நுனித்தோலைப் பின்னால் தள்ளுவீர்கள். முடித்ததும் கட்டாயம் முன்னால் இழுத்துவிடுங்கள். மறந்தால் சில மணி நேரத்தில் நுனி வீங்கி, தோல் வளையமாக இறுக்கிக்கொள்ளும். அதை ஆஸ்பத்திரியில்தான் சரிசெய்ய முடியும். வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் மட்டுமல்ல, ஆஸ்பத்திரி ஊழியர்களும் செய்யும் தவறு இது.

டியூபைச் சுற்றிச் சிறுநீர் கசிகிறது என்றால் முதலில் பையைப் பாருங்கள். பையிலும் வருகிறது, கூடவே கசிகிறது என்றால் டியூப் நழுவாமல் பிடித்திருக்கும் பலூனை எதிர்த்துச் சிறுநீர்ப்பை துடிக்கிறது. அதற்கு மாத்திரை உண்டு. ‘பெரிய டியூப் போடுங்கள்’ என்று கேட்காதீர்கள், துடிப்பு அதிகமாகும். பையில் எதுவும் வரவில்லை, அடிவயிறு வலிக்கிறது என்றால் டியூப் மடங்கியிருக்கிறதா, அவர் அதன்மேல் படுத்திருக்கிறாரா என்று பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் உள்ளே அடைத்திருக்கிறது, உடனே கிளம்புங்கள்.

டியூபை வீட்டில் இழுத்துப் பார்ப்பதோ வெட்டுவதோ கூடாது. உள்ளே 10 மில்லி தண்ணீர் நிரப்பிய பலூன் இருக்கிறது. அதைச் சிரிஞ்சால் இறக்கிய பிறகுதான் எடுக்க முடியும். அந்தப் பலூனில் சலைன் (உப்பு நீர்) ஏற்றக்கூடாது, கிருமி நீக்கிய தண்ணீர்தான் ஏற்ற வேண்டும். உப்பு படிந்து வால்வு அடைத்துக்கொண்டால் இறக்க முடியாமல் போகும். நீண்ட நாள் வைக்க வேண்டியிருந்தால் முழு சிலிக்கான் டியூப் கேளுங்கள், 12 வாரம் வரை இருக்கலாம். சாதாரண ரப்பர் டியூபுக்கு அத்தனை ஆயுள் கிடையாது. போட்ட தேதியையும் அளவையும் எழுதி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு மாதம் டியூப் இருந்தால் யாருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். காய்ச்சல், நடுக்கம், விலாவலி, திடீர்க் குழப்பம் எதுவும் இல்லாதபோது கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். டெஸ்டுக்குப் பையிலிருந்து சிறுநீர் எடுத்துக் கொடுப்பதும் வீண்.

டியூப் எடுக்கவே முடியாது, ஆபரேஷனும் தாங்காது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை தானே மெல்லிய டியூபைச் செலுத்தி, வடித்துவிட்டு எடுத்துவிடலாம். கேட்கப் பயமாக இருக்கும். கையும் கண்ணும் ஒத்துழைப்பவர்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுகிறார்கள், நிரந்தர டியூபைவிடத் தொற்றும் குறைவு.

68 வயது. பி.எஸ்.ஏ. 6.8 என்று வந்திருக்கிறது. உடனே பயாப்சி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுக்கச் சொல்கிறார்கள். புற்றுநோய்தானா?

பி.எஸ்.ஏ. புராஸ்டேட் சுரக்கும் புரதம். வீக்கத்திலும் ஏறும், தொற்றிலும் ஏறும், டியூப் போட்டாலும் ஏறும். சமீபத்தில் சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் ஆறு வாரமாவது கழித்து மறுபடி எடுங்கள். டெஸ்டுக்கு முன் இரண்டு நாள் விந்து வெளியேற்றமும் நீண்ட சைக்கிள் பயணமும் வேண்டாம். ஃபினாஸ்டெரைடோ டூட்டாஸ்டெரைடோ ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவர் என்றால் எதிர்ப்பக்கம் கணக்குப் போட வேண்டும்: வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் ஃபினாஸ்டெரைடும் இதில் சேர்த்தி, அதைச் சொல்ல எல்லோரும் மறக்கிறார்கள்.

மறுபடியும் கூடுதலாகவே வந்தால் முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு தேவைப்பட்டால் பயாப்சி என்பதே இப்போதைய வரிசை. எம்.ஆர்.ஐ.யில் 1 முதல் 5 வரை சந்தேக மதிப்பெண் தருவார்கள்; 1, 2 என்றால் பெரும்பாலும் பொறுக்கலாம், 4, 5 என்றால் பயாப்சி வேண்டும். பி.எஸ்.ஏ.யைச் சுரப்பியின் அளவால் வகுத்தும் பார்ப்பார்கள். உங்களுக்கு 70 மில்லி (ஏறக்குறைய 70 கிராம்) சுரப்பி என்றால் 6.8 வகுத்தல் 70, ஏறக்குறைய 0.1, கவலை குறைவு. அதே 6.8, 30 மில்லி சுரப்பியில் 0.23, அங்கே 0.15ஐத் தாண்டுவதால் கூர்ந்து பார்க்க வேண்டும்.

பயாப்சியை ஆசனவாய் வழியாக இல்லாமல், விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியாக எடுத்தால் தொற்று அபாயம் குறைவு. எந்த வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள். விந்தில் சில வாரம் ரத்தம் வரும், பயப்பட வேண்டாம். காய்ச்சல் வந்தால் அன்றே போக வேண்டும். புற்றுநோய் என்று வந்தாலும், குறைந்த தர வகைக்கு வெட்டாமல், கதிர்வீச்சும் இல்லாமல், பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., மறு பயாப்சி என்று கண்காணித்து வருவதே முதல் தேர்வு. இது ‘ஒன்றும் செய்யாமல் விடுவது’ அல்ல. அட்டவணை தவறினால்தான் ஆபத்து.

மாத்திரை போதாது, ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். ஒருவர் டி.யு.ஆர்.பி., இன்னொருவர் லேசர், மூன்றாமவர் நீராவி என்கிறார். எதை நம்புவது? வயது 58, சுரப்பி 65 கிராம்.

மூவரும் பொய் சொல்லவில்லை. தங்களுக்குக் கைவந்ததைச் சொல்கிறார்கள்.

டி.யு.ஆர்.பி.யில் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு, மின்கம்பி வளையத்தால் சுரப்பியின் உள்பகுதியைச் சீவி எடுப்பார்கள். 30 முதல் 80 கிராம் வரை நன்றாகப் பொருந்தும். பழைய முறையில் கிளைசின் திரவத்தால் கழுவுவார்கள். நேரம் நீண்டால் அது ரத்தத்தில் கலந்து சோடியத்தைக் குறைத்துவிடும். பைபோலார் கருவியில் சலைனே போதும், அந்தப் பயம் இல்லை. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹோல்மியம் லேசரில் உள்பகுதியைச் சுளை உரிப்பதுபோல முழுதாகப் பிரித்து எடுப்பார்கள். 150 கிராமுக்கும் இது செல்லும், ரத்தக் கசிவு குறைவு. ஆனால் கற்றுக்கொள்ள நீண்ட நாள் பிடிக்கும் வேலை, கை தேர்ந்தவரிடம்தான் பலன்.

இரண்டிலும் ஒரு விலை உண்டு. பெரும்பாலோருக்கு விந்து முன்னால் வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். விறைப்பும் உச்ச உணர்வும் பொதுவாக அப்படியே இருக்கும். குழந்தை வேண்டும் என்று நினைப்பவருக்கு மட்டும் சிக்கல். சுரப்பிக்குள் நீராவியைச் செலுத்திச் சுருக்கும் முறை இதைப் பெரும்பாலும் காப்பாற்றித் தருகிறது. ஆனால் சூடுபட்ட திசு கரைய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை தொந்தரவு கூடவும் செய்யும், சில நாள் டியூபோடு இருக்க வேண்டும், பிற்காலத்தில் மறுபடி ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு டி.யு.ஆர்.பி.யைவிட அதிகம். 58 வயதில் உங்களுக்கு எது முக்கியம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், டாக்டர் ஊகிக்கக்கூடாது.

இதய ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாதீர்கள். இதய டாக்டரும் ஆபரேஷன் செய்யும் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு சிறுநீர் தெளிந்துவிடும். பத்தாவது, பன்னிரண்டாவது நாள் வாக்கில் திடீரென்று சிவக்கும். உள்ளே புண்ணின் பொருக்கு உதிர்கிற நேரம் அது. நன்றாகத் தண்ணீர் குடித்துப் படுத்திருந்தால் ஓரிரு நாளில் தெளியும். கட்டி கட்டியாக வந்து அடைத்தால் ஆஸ்பத்திரி. நாலிலிருந்து ஆறு வாரம் கனம் தூக்காதீர்கள், முக்கி மலம் கழிக்காதீர்கள். ஆபரேஷனுக்கு முந்தைய வாரமே மலமிளக்கி தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம். அவசரமும் லேசான கசிவும் மூன்று மாதம் வரை இருக்கலாம். சுரப்பியின் வெளி ஓடு உள்ளேயே இருப்பதால் பி.எஸ்.ஏ. பார்ப்பதை விட்டுவிடக்கூடாது.

வயது 49, சுகர் இருக்கிறது. விறைப்புக் குறைவு. சில்டெனாஃபில் இரண்டு தடவை சாப்பிட்டேன், பலன் இல்லை.

இரண்டு தடவையில் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆறேழு முறையாவது சரியாகப் பார்க்க வேண்டும். வயிறு நிறைய எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு எடுத்தால் மாத்திரை ஏறவே தாமதமாகும். ஒரு மணி நேரத்துக்கு முன், லேசான வயிற்றில் எடுங்கள். கிளர்ச்சி இல்லாமல் மாத்திரை மட்டும் எதையும் எழுப்பாது. இதே வகை மாத்திரையான டடாலாஃபிலுக்கு உணவுத் தடையில்லை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரையோ ஸ்பிரேயோ பயன்படுத்துகிறவர் இவை இரண்டையும் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்கவில்லை என்றால் வெட்கப்படாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உங்களுக்கு இதைவிட முக்கியமானது இதயம். ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை; அடைப்பு முதலில் அங்கேதான் தெரியும், இதயத்தில் தெரியப் பெரும்பாலும் சில ஆண்டுகள் ஆகும். எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சுகர்), கொழுப்பு, பி.பி., காலை 11 மணிக்கு முன் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றைப் பாருங்கள். புகை பழக்கம் இருந்தால் அதை விடுவதே முதல் சிகிச்சை.

ஒரே ஒரு நாள் சிறுநீரில் ரத்தம் வந்தது. வலி இல்லை, தானாக நின்றுவிட்டது. விட்டுவிடலாமா?

கூடாது. வலியோடு வரும் ரத்தத்தைவிட வலியில்லாமல் வரும் ரத்தம்தான் சந்தேகத்துக்குரியது, அது நின்றுவிடுவது வழக்கமும்கூட. 40ஐத் தாண்டியவர், குறிப்பாகப் புகைபிடிப்பவர், ஸ்கேனும் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதும் செய்தாக வேண்டும். ‘சூட்டினால் வந்தது’ என்று மூன்று மாதம் தள்ளிப்போடாதீர்கள்.

கல்லுக்கு லேசர் செய்து உள்ளே ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை. எடுக்கத்தான் வேண்டுமா?

எடுத்தே ஆக வேண்டும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் பாதையில் வைக்கும் சாதாரண டி.ஜே. ஸ்டென்ட்டுக்கு மூன்று மாதம்தான் கணக்கு. மறந்தால் அதன்மேலேயே கல் படிந்து, எடுப்பது புதிதாக ஒரு ஆபரேஷனாகும். சிறுநீரகத்தையே இழந்தவர்கள் உண்டு. டிஸ்சார்ஜ் தாளில் ‘ஸ்டென்ட்’ என்ற சொல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

மகனுக்கு 15 வயது. காலையிலிருந்து ஒரு பக்க விரையில் கடும் வலி, வாந்தியும் வருகிறது. நாளைக்குக் காட்டினால் போதுமா என்று பல தாய்மார்கள் எழுதியிருக்கிறார்கள்.

போதாது. விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அவிழ்த்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம், அதன் பிறகு ஒவ்வொரு மணிக்கும் வாய்ப்பு குறையும். ஸ்கேனுக்காகக் காத்திருந்து நேரம் போக்காமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு நேராகப் போங்கள். வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

போய் முடித்து, உதறிவிட்டு வந்த பிறகும் உள்ளாடையில் சில சொட்டு நனைகிறது. புராஸ்டேட்டா?

அநேகமாக இல்லை. விரைப்பைக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதை வளையும் இடத்தில் கொஞ்சம் தேங்கிவிடுகிறது. உதறினால் அது வராது. முடித்ததும் இரண்டு மூன்று விரல்களை விரைப்பைக்குப் பின்னால் வைத்து மெதுவாக அழுத்தி, முன்பக்கமாக உறுப்பின் அடிவரை தடவிக் கொண்டுவாருங்கள். இரண்டு தடவை செய்தால் மிச்சம் வடிந்துவிடும்.